ஜாடிக்கும் பன்னிக்கும் அடிச்சுக்கிற காலேஜ்கள்

அமெரிக்காவுல செப்டம்பர் பொறந்துட்டா சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பாலுக்கு (நம்ம கால்பந்து இல்லங்க, பந்தைக் கையில வெச்சு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால்), ஞாயித்துக்கிழமை காசு வாங்கிட்டு ஆடுறவங்களோட லீக்கான என்எஃப்எல்லுக்கு. ஆட்டத்தோட தரம்னு பார்த்தா ஞாயித்துக்கிழமைதான் ஒசத்தி, அதுல சந்தேகமே வேணாம். ஆனா கூட்டத்தைப் பாருங்க. என்எஃப்எல்ல பெரிய ஸ்டேடியம்னாலே எண்பதாயிரம் சொச்சம் சீட்டுதான், மிச்சிகன் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 1,07,601. அது இருக்கிற ஆன் ஆர்பர் ஊரோட மொத்த ஜனத்தொகையே ஒண்ணேகால் லட்சம் பக்கம்தான். பத்தொம்பது இருபது வயசுப் பசங்க ஆடுறதப் பார்க்க இத்தனை பேர் எதுக்கு வராங்கன்னா, ஆட்டத்துக்காக மட்டும் இல்லங்க. இது பங்காளிச் சண்டை. எதிர் டீமுக்கு கத்துறவன் பக்கத்து மாநிலத்துக்காரன், பாதி நேரம் ஒரே ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன், தோத்தா திங்கக்கிழமை காலையில அவன் மூஞ்சியிலதான் முழிக்கணும். ஒஹாயோ ஸ்டேட்காரங்க மிச்சிகன்ங்கிற பேரையே சொல்ல மாட்டாங்க, "வடக்க இருக்கிற அந்த டீம்"னுதான் சொல்லுவாங்க, மேட்ச் நடக்கிற வாரத்துல காம்பஸ்ல இருக்கிற போர்டுல எல்லாம் எம் எழுத்து மேல சிவப்பு டேப் ஒட்டி அடிச்சு வெச்சிருவாங்க.

ஆரம்பமே அப்படித்தான். 1869 நவம்பர் 6, நியூ ஜெர்சியில ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதினது, அதைத்தான் முதல் காலேஜ் ஃபுட்பால் மேட்ச்னு கணக்கு வெச்சிருக்காங்க. ரெண்டும் ஒரே மாநிலம், ஒண்ணுக்கொண்ணு பக்கம், ஏற்கனவே பேஸ்பால்ல பிரின்ஸ்டன் ரட்கர்ஸை 40-2ன்னு நசுக்கின கடுப்பு வேற. ஒரு பக்கத்துக்கு 25 பேர், பந்தை கையில தூக்கிட்டு ஓடக் கூடாது, எறியவும் கூடாது, இன்னைக்கு ஆட்டத்தோட ஒரு சாயலும் அதுல இல்ல. ரட்கர்ஸ் 6-4ல ஜெயிச்சுது. ஆறு வருஷம் கழிச்சு ரட்கர்ஸ் பசங்க ராத்திரியோட ராத்திரியா பிரின்ஸ்டன் போய் ஒரு பீரங்கியையே தூக்கிட்டு வந்துட்டாங்க, பதிலுக்கு அவங்க வந்து துப்பாக்கிகளை அள்ளிட்டுப் போனாங்க, கடைசியில ரெண்டு காலேஜ் பிரசிடென்டும் லெட்டர் எழுதி பஞ்சாயத்து பண்ண வேண்டியதாப் போச்சு.

இன்னைக்கு நாம பார்க்கிற ஆட்டத்தை செதுக்கினவர் யேல்ல ஆடின வால்டர் கேம்ப். டீமுக்கு 11 பேர், கோடு போட்டு அதுக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஆரம்பிக்கிறது, இத்தனை முயற்சிக்குள்ள இத்தனை யார்டு போகணும், போகலன்னா பந்தைக் குடுத்துடணும்ங்கிற கணக்கு, எல்லாம் 1880களோட ஆரம்பத்துல அவர் தள்ளிக் கொண்டு வந்ததுதான். ஆனா பந்தை முன்னாடி எறியறதுக்கு அனுமதி இல்லாததால ஆட்டம் வெறும் முட்டல் மோதலா ஆயிடுச்சு, கையைக் கோத்துக்கிட்டு மொத்த டீமும் ஆப்பு மாதிரி ஒருத்தன் மேல போய் விழுறது, தலையில ஹெல்மெட்டும் கிடையாது. 1905 சீசன்ல குறைஞ்சது 18 பேர் செத்துட்டாங்க. காலேஜ், ஸ்கூல் எல்லாம் சேர்த்த கணக்கு அது. அப்ப ஜனாதிபதியா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இந்த ஆட்டம் பிடிக்கும், அவர் பையனே ஹார்வர்டுல ஆடிட்டு இருந்தான், அதனால ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டு ஒழுங்கா ஆடுங்கப்பான்னு பேசினார். அதோட விளைவுன்னு ஒரே ஒரு கூட்டத்தை சொல்லிட முடியாது, ஆனா அடுத்த வருஷமே பந்தை முன்னாடி எறியிற ஃபார்வர்டு பாஸுக்கு அனுமதி வந்துச்சு, காலேஜ் விளையாட்டை நிர்வாகம் பண்ற, இன்னைக்கு என்சிஏஏன்னு சொல்ற அமைப்போட ஆரம்பமும் அந்த வருஷம்தான். இப்ப டிவியில குவார்ட்டர்பேக் அம்பது யார்டு தூரம் பந்தை எறியறதப் பார்த்து நாம வாயைப் பொளக்குறோமே, அது வந்தது பசங்க சாகாம இருக்கணும்னுதான்.

நடுவுல ஒரு ஜோக்கும் சொல்லிடுறேன். 1902ல கலிஃபோர்னியாவுல வருஷப் பொறப்பு விழாவுக்காக நடந்த முதல் ரோஸ் பவுல் மேட்ச்ல மிச்சிகன் 49-0ன்னு அடிச்ச அடியில ஸ்டான்ஃபோர்டு பாதியிலயே போதும்டா சாமின்னு நிறுத்திக்கிச்சு. நடத்துனவங்க ரொம்ப நொந்து போய் ஃபுட்பாலே வேணாம்னு முடிவு பண்ணி, குதிரை பூட்டின ரதப் பந்தயம் எல்லாம் விட்டுப் பார்த்தாங்க, 1916லதான் ஃபுட்பால் திரும்ப வந்துச்சு.

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கோப்பைகள்தான். கோப்பைன்னா தங்கம் வெள்ளின்னு நினைச்சுடாதீங்க, அந்த மிட்வெஸ்ட் காலேஜ்கள் அடிச்சுக்கிறது எல்லாம் பரண்ல கிடக்க வேண்டிய சாமானுக்கு. இண்டியானாவும் பர்டியூவும் ஒரு கிணத்து வாளிக்கு. மினசோட்டாவும் விஸ்கான்சினும் ஒரு கோடாலிக்கு. மினசோட்டாவும் மிச்சிகனும் ஒரு தண்ணி ஜாடிக்கு. அந்த ஜாடி 1903ல முப்பது சென்ட் குடுத்து வாங்கினது. மிச்சிகன் கோச் ஃபீல்டிங் யோஸ்ட் மினியாபொலிஸ் போனப்ப, உள்ளூர்க்காரன் குடுக்கிற தண்ணியில என்னத்தையாவது கலந்துடுவானோன்னு சந்தேகப்பட்டு தனி ஜாடி வாங்கிட்டு வரச் சொன்னாருன்னு ஒரு கதை. ரெண்டு வருஷத்துக்கு மேல வரிசையா ஜெயிச்சுட்டு வந்த மிச்சிகன் டீமை மினசோட்டா 6-6ல மறிச்சதும் ஜனம் கிரவுண்டுக்குள்ள புகுந்துருச்சு, மேட்ச் அதோட முடிஞ்சுது, கிளம்புற களேபரத்துல ஜாடியை விட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் ஆஸ்கர் மன்சன்ங்கிற அங்கத்திய ஊழியர் அதைக் கண்டெடுத்துக் குடுக்க, அதுல ஸ்கோர் எழுதி வெச்சாங்க, மினசோட்டாவோட 6 இவ்ளோ பெருசா, மிச்சிகனோட 6 கண்ணாடி போட்டுத் தேடுற அளவுக்கு சின்னதா. அடுத்து அவங்க மோதினது 1909ல, மிச்சிகன் ஜெயிச்சு ஜாடியை எடுத்துட்டுப் போச்சு. அன்னையிலேருந்து ஜெயிச்சவன் வீட்டுல ஜாடி.

பன்னி கதை அவ்ளோ சிரிக்கிற விஷயம் இல்ல. 1934ல அயோவாவுக்கு ஆஸி சிம்மன்ஸ்னு ஒரு கறுப்பின ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர்) ஆடினார், அந்தக் காலத்துல பெரிய காலேஜ் டீம்கள்ல கறுப்பினத்தவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். மினசோட்டா டீம் அவரைப் போட்டு அடிச்ச அடியில பாதி ஆட்டத்துக்கு முன்னாடியே அவர் வெளிய போக வேண்டியதாயிடுச்சு, அயோவா 48-12ல தோத்துச்சு. அடுத்த வருஷ மேட்ச் அயோவாவுல. அயோவா கவர்னர் கிளைட் ஹெரிங், போன வருஷம் மாதிரி முரட்டு ஆட்டம் ஆடினா அம்பயர் பொறுத்துக்கிட்டாலும் எங்க கூட்டம் பொறுத்துக்காதுங்கிற மாதிரி பேசி வெச்சுட்டார். ரெண்டு பக்கமும் கொதிக்குது. அப்ப மினசோட்டா கவர்னர் ஃபிளாய்ட் ஓல்சன் ஒரு தந்தி அடிக்கிறார், உங்க மாநிலத்துப் பன்னிக்கு எங்க மாநிலத்துப் பன்னி, பந்தயம் வெச்சுக்கலாமான்னு. சூடு கொஞ்சம் தணிஞ்சு மேட்ச் நல்லபடியா முடிஞ்சுது, 13-6ல மினசோட்டா ஜெயிச்சுது. ஹெரிங் சொன்ன சொல் தவறாம நிஜப் பன்னி ஒண்ணை ஓல்சன் ஆபீஸுக்கே ஓட்டிட்டுப் போய்க் குடுத்தார். ரோஸ்டேல்ங்கிற பண்ணையிலேருந்து வந்த பன்னி, அதுக்கு வெச்ச பேரு ஜெயிச்ச கவர்னர் பேரு, ஃபிளாய்ட் ஆஃப் ரோஸ்டேல். பன்னி சில மாசத்துல செத்துப் போச்சு, அதுக்குள்ள ஓல்சன் அதை வெண்கலத்துல வார்த்து வெச்சுட்டார், அதுதான் இன்னைக்கு வரைக்கும் கோப்பை. ஜெயிச்ச டீம் ஓடிப் போய் அதைத் தூக்கிக் குதிக்கிறதப் பார்க்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பன்னி வந்ததே ஒரு கறுப்பினப் பையனை அடிச்சதுல கிளம்பின கோபத்தைத் திசை திருப்பத்தான், அந்தப் பையன் பேரு கோப்பையில இல்ல.

அயோவா பத்திப் பேசினா இதையும் சொல்லணும். அவங்க கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, மேல் மாடியிலேருந்து கிரவுண்டு தெரியும். 2017லேருந்து முதல் குவார்ட்டர் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும், எதிர் டீம், அம்பயர் எல்லாரும், திரும்பி நின்னு ஜன்னல்ல இருக்கிற குழந்தைங்களுக்குக் கையாட்டுவாங்க. நூறு வருஷப் பழக்கம்தான் மரபுன்னு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தோணினது இதைப் பார்த்துத்தான்.

ராணுவ காலேஜும் கடற்படை காலேஜும் மோதுற ஆர்மி-நேவி மேட்சும் தனி ரகம், 1890லேருந்து நடக்குது, முடிஞ்சதும் ரெண்டு டீமும் சேர்ந்து முதல்ல தோத்தவங்க காலேஜ் பாட்டுக்கு நிப்பாங்க, அப்புறம் ஜெயிச்சவங்க பாட்டுக்கு. அதனால அவங்க ஆசையே ரெண்டாவதா பாடணும்ங்கிறதுதான்.

இப்ப எனக்கு எரிச்சல் வர்ற இடத்துக்கு வரேன். பசங்களுக்குக் காசு குடுக்கிறதப் பத்தி இல்ல, அதை நான் முழு மனசோட ஆதரிக்கிறேன். கோச்சுக்குக் கோடிக் கணக்குல சம்பளம், எலும்பு முறியிறவனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும்ங்கிறது எந்த ஊரு நியாயம்? 2021லேருந்து தங்களோட பேரை, படத்தை வெச்சு அவங்க சம்பாதிக்கலாம், 2025லேருந்து காலேஜே நேரடியாக் குடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு சுமார் 2.05 கோடி டாலர் வரைக்கும். குடுங்க, நல்லா குடுங்க.

கடுப்பு எதுலன்னா, டிவி காசுக்காக பங்காளிகளைப் பிரிச்சு விட்டதுல. 1984ல டிவி உரிமை என்சிஏஏ கையில மட்டும் இருக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுலேருந்து கான்ஃபரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜ் கூட்டணிகள், தனித்தனியா விலை பேச ஆரம்பிச்சு, 2024ல எங்க வந்து நிக்குதுன்னா, பசிபிக் கரையில இருக்கிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லி கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல, லாஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏ-வும் நியூ ஜெர்சி ரட்கர்ஸும் ஒரே கான்ஃபரன்ஸ்ல. மேப்பைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்களான்னு தெரியல. ஓக்லஹோமா வேற கான்ஃபரன்ஸுக்குத் தாவினதுல ஓக்லஹோமா ஸ்டேட்டோட வருஷா வருஷம் நடந்த மேட்ச் 2023ஓட நின்னு போச்சு. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்-உம் 2011க்கு அப்புறம் பதிமூணு வருஷம் மூஞ்சியே பார்த்துக்கல, அப்புறம் ஒரே கான்ஃபரன்ஸுக்கு வந்து 2024ல திரும்ப மோதினாங்க. எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்ச ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் 1980க்கு அப்புறம் ஃபுட்பால் ஆடவே இல்ல.

மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், மினசோட்டா எல்லாம் இருக்கிற பிக் டென் கான்ஃபரன்ஸ்ல இப்ப 18 டீம். பேருலதான் பத்து. எல்லாரும் எல்லாரோடயும் வருஷா வருஷம் ஆட முடியாதுங்கிறதால, கட்டாயம் நடந்தே தீரணும்னு சில ஜோடிகளை மட்டும் பட்டியல் போட்டாங்க. ஒஹாயோ ஸ்டேட்-மிச்சிகன் அதுல இருக்கு, வாளி இருக்கு, கோடாலி இருக்கு, பன்னியும் தப்பிச்சுது. ஜாடி மட்டும் பட்டியல்ல இல்ல. முப்பது சென்ட் ஜாடிக்கு எந்த சேனல்காரன் என்ன விலை குடுப்பான்னு கணக்குப் போட்டிருப்பாங்களோ என்னவோ, இனிமே அட்டவணை ஒத்து வர்ற வருஷம்தான் அதுக்காக அடிச்சுக்க முடியும்.