எல்பிஐசி-1 தேர்வின் பிரிண்டிங் பகுதி: என் குறிப்புகளை அச்சடித்தே படித்தேன்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். மதிப்பெண் 200இல் தொடங்கி 800 வரை போகும், 500 எடுத்தால் தேர்ச்சி. இரண்டாவது தேர்வின் பாடத்திட்டத்தில் 108.4 என்ற எண்ணில் பிரிண்டர் நிர்வாகம் வரும். வெயிட்டேஜ் 2 தான், அதாவது ஏறக்குறைய இரண்டு கேள்வி. அதனாலேயே பலர் இதைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, கமாண்டுகளை அட்டவணை போட்டு உருப்போடுகிறார்கள். அச்சுக்கு அனுப்பும் எல்பி, எல்பிஆர், வரிசையைக் காட்டும் எல்பிக்யூ, ரத்து செய்யும் எல்பிஆர்எம் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் தேர்வில் குழம்பிவிடும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்விகளும் உண்டு என்பதால் அரைகுறை ஞாபகம் உதவாது.

மற்ற பாடங்களுக்காக எழுதிவைத்திருந்த குறிப்புகளை டெர்மினலில் இருந்தே அச்சுக்குத் தயார் செய்து, க்யூவில் (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில்) போட்டு, நிறுத்தி, ரத்து செய்து பார்த்துத்தான் நான் இந்தப் பகுதியைப் படித்தேன். ஃபைல் வடிவத்தை மாற்றுவது நேரடியாகப் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு ஃபைல் காகிதத்துக்குப் போகும் பாதை தெரிந்துவிட்டால் கமாண்டுகள் தானாக மனதில் நிற்கும்.

வீட்டில் பிரிண்டர் வேண்டும் என்பதில்லை. லினக்ஸில் பிரிண்டிங்கைக் கவனிக்கும் மென்பொருள் கப்ஸ். டெபியன், உபுண்டுவில் கப்ஸ்-பிடிஎஃப் டிரைவரை நிறுவினால் ஒரு மெய்நிகர் பிரிண்டர் வந்துவிடும். அதற்கு அனுப்புவதெல்லாம் உங்கள் ஹோம் டைரக்டரியில் உள்ள பிடிஎஃப் ஃபோல்டரில் ஃபைலாக விழும். க்யூ, ஜாப் (அச்சு வேலை) எண், லாக் எல்லாம் நிஜம். காகிதமும் மையும் மட்டும் செலவாகாது.

முதலில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் தொடங்குங்கள். ஏ2பிஎஸ், என்ஸ்கிரிப்ட் என்று இரண்டு பழைய கருவிகள் டெக்ஸ்டைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்கித் தரும். ஆங்கிலக் குறிப்புக்கும் நிரலுக்கும் இன்றும் அருமையாக வேலை செய்யும். ஏ2பிஎஸ் ஒரு தாளில் இரண்டு பக்கத்தை அடுக்கி, தலைப்பில் ஃபைல் பெயரையும் போட்டுத் தரும். தமிழ்க் குறிப்பைக் கொடுத்தால் கதை மாறிவிடும். இவை ஒற்றை பைட் எழுத்துமுறைக் காலத்துக் கருவிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் பக்கம் முழுக்க விநோதமான லத்தீன் குறிகள் வந்து நிற்கும். தமிழுக்கு பாப்ஸ் என்ற கருவி இருக்கிறது. அது பாங்கோ நூலகம் வழியாக எழுத்துகளைக் கோப்பதால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாக உட்காரும். தமிழில் குறிப்பெழுதுபவர்கள் மற்றதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அடோபி 1984இல் வெளியிட்ட நிரல்மொழி அது. பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்ற நிரலை அனுப்புகிறோம், பிரிண்டர் அதை இயக்கிப் பக்கத்தை வரைகிறது. 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டருக்குள் அதற்கென்றே ஒரு பிராசசர் இருந்தது. விலை குறைந்த பிரிண்டர்களுக்கு அந்த மொழி தெரியாது. அப்போது அந்த வேலையைக் கணினியே செய்து, புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் இதற்குத்தான். கப்ஸுக்குள் ஃபில்டர் என்று சொல்வதெல்லாம் இந்த மாற்று வேலையின் சின்னச் சின்னத் துண்டுகள்: வந்த ஃபைல் என்ன வகை என்று பார், பிடிஎஃப் ஆக்கு, பக்கங்களை அடுக்கு, பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்று, பிரிண்டரிடம் கொண்டுசேர்க்கும் பேக்எண்டிடம் கொடு. முன்பு நடுவில் இருந்தது போஸ்ட்ஸ்கிரிப்ட், இப்போது அந்த இடத்தில் பிடிஎஃப். எல்பி கமாண்டில் ‘ரா’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் இத்தனை ஃபில்டரையும் தாண்டி ஃபைல் அப்படியே போய்விடும் என்பது இந்தப் பாதை தெரிந்தவருக்கு உடனே புரியும்.

ரைட்டர், வேர்ட் ஃபைல்களுக்கு லிப்ரேஆபிஸை ஜன்னல் திறக்காமல் ஓட்டும் ஹெட்லெஸ் முறை போதும். ‘கன்வர்ட்-டு பிடிஎஃப்’ என்று சொன்னால் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே வரியில் மாற்றிவிடலாம். லிப்ரேஆபிஸ் ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தால் சில பதிப்புகளில் ஒன்றுமே நடக்காமல் அமைதியாக முடிந்துவிடும், அதனால் மூடிவிட்டு ஓட்டுங்கள். வந்த பிடிஎஃப்பைப் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கமாண்டில் ஒருமுறை பாருங்கள். ஃபான்ட் உள்ளே பதிந்திருக்கிறதா என்று ‘எம்ப்’ என்ற பத்தி சொல்லும். ‘நோ’ என்று வந்தால் ஜெராக்ஸ் கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரலாம். பிடிஎஃப்இன்ஃபோ தாளின் அளவைச் சொல்லும். ஏ4 என்றால் சுமார் 595க்கு 842 பாயிண்ட். 612க்கு 792 என்று வந்தால் அது அமெரிக்க லெட்டர் தாள். ஓரம் வெட்டுப்படும் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. அப்போது எல்பியில் மீடியா ஏ4 என்றும் ஃபிட்-டு-பேஜ் என்றும் சேர்த்துக் கொடுங்கள்.

பிடிஎஃப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்க இரண்டு கமாண்டுகள் உள்ளன. நடுவில் 2 என்ற எண் வரும் பிடிஎஃப்2பிஎஸ் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுடன் வருவது. எழுத்திலேயே ‘டு’ வரும் பிடிஎஃப்டுபிஎஸ் பாப்ளர் என்ற பிடிஎஃப் நூலகத்துடன் வருவது. நான் பாப்ளர் பக்கம்தான்: பெரும்பாலும் வேகமாகவும் சிறிய ஃபைலாகவும் தருகிறது. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை நேரடியாக ஓட்டும்போது ‘நோபாஸ்’, ‘பேட்ச்’ இரண்டையும் கொடுங்கள். பேட்ச் இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகும் அதன் பிராம்ப்டிலேயே உட்கார்ந்திருக்கும். கலர் ஸ்கிரீன்ஷாட் நிறைந்த குறிப்பைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றவும் அதே கருவி உதவும். கடையில் கலர் பக்கத்துக்குக் கேட்கும் காசு மிச்சமாகும்.

சரி, தேர்வுக்கு வருவோம். கேள்விகளை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுத உட்காருகிறோம், அதனால் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. எங்கே சறுக்கும் என்று சொல்லலாம். எல்பி என்பது சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழி வந்தது, எல்பிஆர் பெர்க்லி வழி. எல்பியில் பிரிண்டரைக் குறிக்கச் சின்ன எழுத்து டி, பிரதிகளுக்கு என். எல்பிஆரில் பிரிண்டருக்குப் பெரிய எழுத்து பி, பிரதிகளுக்கு ஹேஷ் குறி. எல்பிஆரில் சின்ன எழுத்து ஆர் கொடுத்தால் அனுப்பிய பிறகு ஃபைலையே அழித்துவிடும், நகல் எடுத்து வைத்துக்கொண்டு சோதியுங்கள். எல்பிஆர்எம்முக்குப் பின் வெறும் கோடு போட்டால் உங்கள் எல்லா ஜாப்களும் போய்விடும்.

கப்ஸ்டிசேபிள், கப்ஸ்ரிஜெக்ட் இரண்டின் வித்தியாசத்தை மெய்நிகர் பிரிண்டரில் கட்டாயம் செய்து பாருங்கள். முதலாவதில் க்யூ புது ஜாப்களை வாங்கிக்கொண்டே இருக்கும், பிரிண்ட் மட்டும் ஆகாது. இரண்டாவதில் ஏற்கெனவே உள்ளவை பிரிண்ட் ஆகும், புதிதாக எதையும் வாங்காது. டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு உள்ளே இருப்பவர்களுக்குப் படம் ஓட்டுவதுபோல. இதைப் படித்து நினைவில் வைப்பதைவிட, ஒவ்வொரு முறையும் எல்பிஸ்டாட் போட்டு நிலையைப் பார்ப்பதே மேல்.

பிரிண்டரை அமைக்கும் எல்பிஅட்மினில் பெரிய எழுத்து ஈ ஒரு தனிப் பொறி. பிரிண்டர் பெயருக்குப் பின்னால் வந்தால் பிரிண்டரை இயக்கி, ஜாப்களை வாங்கவும் வைக்கும். பெயருக்கு முன்னால் வந்தால் சர்வருடனான தொடர்பை என்கிரிப்ட் செய்யும். ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து வேறு வேலை. யார் இப்படி வடிவமைத்தார்களோ!

போர்ட் எண்களில் 631 கப்ஸ் பேசும் ஐபிபி என்ற பிரிண்டிங் நெறிமுறைக்கு, 515 பழைய எல்பிடி நெறிமுறைக்கு. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631ஐத் திறந்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு டெர்மினலில் செய்வது அங்கே எப்படி மாறுகிறது என்று பார்த்தால் நன்றாகப் பதியும். பிரிண்டர் அமைப்புகள் உள்ள பிரிண்டர்ஸ்.கான்ஃப் ஃபைலைக் கப்ஸ் சர்வர் ஓடும்போது கையால் திருத்தக் கூடாது. ஏதாவது சிக்கினால் கப்ஸ்சிடிஎல் வழியாக டீபக் லாகிங்கை இயக்கிவிட்டு எரர் லாகைப் பாருங்கள். எந்த ஃபில்டர் எந்த வரிசையில் ஓடியது என்று அப்படியே எழுதியிருக்கும். மேலே சொன்ன பாதையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைசிப் பயிற்சியாக ஒரு கையேடு போடுங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்கிய 16 பக்கக் குறிப்பை பிஎஸ்புக் வரிசை மாற்றித் தரும்: முதல் தாளின் முன்புறம் 16, 1, பின்புறம் 2, 15. பிறகு பிஎஸ்நப் இரண்டிரண்டாக அடுக்கும். இருபுறமும் அடிக்கும் ஆப்ஷனில் ஷார்ட்-எட்ஜ் கொடுக்க வேண்டும். லாங்-எட்ஜ் கொடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். இது தேர்வுக்கு வராது, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படிக்கலாம்.

ஃபில்டர்களின் பெயர்களையும் ஃபைல் வகைகளைக் குறிக்கும் மைம் ஃபைல்களின் உள்ளடக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தப் பகுதிக்கு ஒரு வார இறுதி தாராளம். அப்புறம் லாகிங் பற்றிய 108.2க்குப் போய்விடுங்கள், அதன் வெயிட்டேஜ் 4.