ரெண்டு டயர் வாங்க இத்தனை பேரோட மல்லுக்கட்டணுமா?

நேத்து தான் வண்டிக்கு டயர் மாத்தி முடிச்சேன், கோபம் இன்னும் அடங்கல. சூட்டோட சூடா எழுதிடறேன், யாருக்காவது காசு மிச்சமாகும்.

வண்டி 2014 டிசையர் டீசல், 1,70,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. அப்பா அம்மா, ரெண்டு பசங்கன்னு எப்பவும் ஃபுல் லோடு தான் போகும். இன்னும் மூணு நாலு வருஷமாவது ஓட்டணும், ஆனா பெருசா செலவழிக்க இப்ப வழியில்ல. பின்னாடி ரெண்டு டயரும் நல்லா இருக்கு, முன்னாடி ரெண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை. வெளிய நின்னு பார்த்தா பட்டன் எல்லாம் இருக்கற மாதிரியே தெரியும், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டு உள்ள கையை விட்டுத் தடவினா தான் விஷயம் புரியும். எங்க தெரு பஞ்சர் கடை அண்ணன் தான் கூப்பிட்டுக் காட்டினார், அவருக்குப் புண்ணியம்.

ஓடின வண்டி வச்சிருக்கறவங்க டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட போங்க. எனக்கு முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ்ஷும், ஒரு பக்கம் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற டை ராட் எண்டும் போயிருந்துச்சு. "இத மாத்தாம நீ எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அதே மாதிரி உள்பக்கம் தின்னுரும் தம்பி, சக்கரக் கோணத்தை சரி பண்ணி அலைன்மென்ட் வச்சாலும் நிக்காது"ன்னார். மாத்தியாச்சு.

அதுக்கப்புறம் தான் தலைவலியே. என் வண்டிக்கு சைஸ் 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 80 சதவீதம், ரிம் 14 இன்ச். மதுரையில ஒரு பெரிய கடைக்கு போன்ல கேட்டா "இருக்கு சார் வாங்க"ன்னு விலையும் சொன்னாங்க. லீவு போட்டுட்டு போனா அந்த சைஸ் இல்லையாம், 175/65 ஆர்14 இருக்காம், "ரிம்மும் 14, இதுவும் 14, அழகா உக்காரும் சார், அகலமும் ஜாஸ்தி"ன்னு ஏத்தி விடப் பாக்கறாங்க. ரிம்ல உக்காரும், உண்மை தான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, என் டயரோட மொத்த உயரம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர், அவங்க சொன்னது 583 தான். வண்டி கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கீழ இறங்கிடும், ஃபுல் லோடுல போனா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும், ஸ்பீடோ மீட்டரும் ஆறு சதவீதம் கூட காட்டும். அதை விட முக்கியம் லோடு. சைஸ் பக்கத்துலயே 85டி, 82டின்னு ஒரு நம்பர் இருக்கும், என் டயருக்கு 85, அப்படின்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், அவங்க சொன்னதுக்கு 82, அது 475 கிலோ தான். குடும்பத்தோட போற வண்டிக்கு இதுல குறைச்சுப் போடவே கூடாது. இதைச் சொன்னதும் "சார் எல்லாரும் போடறாங்க"ன்னு பதில். வேண்டாம்னு கிளம்பிட்டேன், அன்னைக்கு லீவு வீண்.

அடுத்த கடையில சரியான சைஸ் இருந்துச்சு, விலையும் எல்லாரையும் விட கம்மி. தயாரிப்புத் தேதி பாக்கணும்னு கேட்டேன், "எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக் சார், நேத்து தான் வந்துச்சு"ன்னு சொல்லிக்கிட்டே பையனை ஜாக்கி போடச் சொல்றாரு. நிறுத்தச் சொல்லி டயரை உருட்டி உருட்டி பார்த்தேன். டயர் ஓரத்துல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசியில நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தான் முழுசா இருக்கும், அந்தப் பக்கம் உள்ள போற மாதிரி மாட்டிட்டா அப்புறம் வண்டிக்கு அடியில படுத்து தான் பாக்கணும். ஒண்ணுல 1122ன்னு இருந்துச்சு. 2022ல 11வது வாரம்! இன்னொண்ணு வேற வருஷம். ரப்பர் கடையில சும்மா இருந்தாலும் வயசாகும்ங்க. கேட்டா "அதனால தான் சார் விலை கம்மி"ன்னு இப்ப சொல்றாரு, ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஃப்ரெஷ் ஸ்டாக்கு!

இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22லேர்ந்து புது டயருக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சிடுச்சு. பழைய ரேட்டை வச்சே பேசறாங்க, பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்னும் சொல்றாங்க. பில் இல்லாம வாங்காதீங்க, நாளைக்கு டயர் ஓரத்துல வீக்கம் வந்தா வாரண்டி கேக்க பில்லு தான் கையில இருக்கணும், அதுல டயரோட சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிக்கோங்க.

செகண்ட் ஹேண்ட் டயரும் ஒருத்தர் காட்டினார், பாதி விலை. பள்ளம் எல்லாம் ஆழமா பளிச்சுனு இருந்துச்சு, ஆனா பள்ளத்துக்குள்ள குறுக்க 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்கு சின்ன மேடு இருக்கணுமே, அது இல்ல, அதையும் சேத்து வெட்டி எடுத்திருக்காங்க. தேஞ்ச டயரை பிளேடு வச்சு வெட்டிப் புதுசு மாதிரி காட்டறது இது. உயிரோட விளையாடற வேலை.

கடைசியில வேற ஒரு டீலர்கிட்ட அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப் ரெண்டு கிடைச்சுது. எம்ஆர்எஃப் இசட்விடிவியும் சியட் மைலேசும் என் லிஸ்ட்ல இருந்துச்சு, எது புதுத் தேதியில, சரியான விலைக்கு, பில்லோட கிடைக்குதோ அதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தயாரிச்சு நாலு மாசம் தான் ஆகியிருந்துச்சு, கேக்காமலே தேதியைக் காட்டினார் அந்த மனுஷன், அப்பவே மனசு லேசாயிடுச்சு.

அங்கயும் ஒரு சின்ன தகராறு. புது டயரை முன்னாடி மாட்டப் போனாங்க, பின்னாடி போடச் சொன்னேன், பழைய பின் டயரை முன்னாடி கொண்டு வரச் சொன்னேன். "முன் வீல் தானே சார் இழுக்குது"ன்னு பையன் விடல. மழை ரோட்டுல முன்னாடி வழுக்கினா ஆக்சிலரேட்டரை விட்டு சமாளிச்சிடலாம், பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திரும், அதனால பிடிப்பு நல்லா இருக்கறது பின்னாடி தான் இருக்கணும்னு சொல்லி சம்மதிக்க வச்சேன். வால்வு ரெண்டும் புதுசு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது, பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. டயர்ல அடிக்க நைட்ரஜன் வேணாம்னுட்டேன், சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான், டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவு இருந்தா போதும்.

நட்டை மிஷின் வச்சு முறுக்கி விட்டாங்கன்னா ராத்திரி பைபாஸ்ல பஞ்சர் ஆச்சுன்னா வண்டியில இருக்கற ஸ்பானரால கழட்டவே முடியாது, அதனால கடைசி முறுக்கு கையால போடச் சொல்லுங்க. அப்படியே ஸ்டெப்னி தேதியையும் பாருங்க. என்னோடது வண்டியோட வந்த 2014 டயர், ஓரமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, இப்ப கழட்டின முன் டயரும் மொட்டை, அதை வச்சு ஸ்டெப்னி பண்ண முடியாது. அடுத்த மாசச் சம்பளத்துல அதுக்கும் ஒண்ணு அதே டீலர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அதுவரைக்கும் ஊர் தாண்டி வண்டியை எடுக்கறதா இல்ல.