சோனியில இருந்து நிக்கானுக்கு: வாங்குனது ஒரு நாள் வேலை, வித்ததுதான் பெரும்பாடு

வாங்குன கதையை மொதல்ல முடிச்சிருதேன். நிக்கான் இசட் 6 த்ரீ கேமரா, கூட 24-120 லென்ஸ். பணத்தக் கட்டுனோம், குடுத்துட்டாங்க, அம்புட்டுதான். கல்யாண வேலைக்குக் கூட வர்ற மச்சான்ட்ட ஏற்கனவே நிக்கான் லென்ஸா கெடக்கு, ரெண்டு கேமராவும் ஒரே மவுண்ட்ல (லென்ஸ் மாட்டுற வாய்) இருந்தா மாத்தி மாத்திப் போட்டுக்கிடலாம், ஆல்பத்துல ரெண்டு பேர் எடுத்த கலரும் ஒத்துப் போகும். சோனி மேல ஒரு கோவமும் கெடையாது.

பழைய சோனி ஏ7 த்ரீ கேமராவையும் டாம்ரான் 28-75 லென்ஸையும் விக்கப் போனதுலதான் உசிரு போயிட்டு. ஜங்ஷன் பக்கம் ஒரு கடை, பேரு வேண்டாம். அண்ணாச்சி ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னால பிடிச்சிக்கிட்டு ஒரு கண்ண மூடிட்டு பைய உருட்டிப் பாக்காரு, ஓரத்துல வெள்ளையா ஒரு எழை தெரியுது. "ஃபங்கஸ்லா தம்பி இது, 5 ஆயிரம் கொறையும்"ன்னாரு, லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்காம். நான் பையில இருந்து தூசி ஊதுற ப்ளோயரை எடுத்து ஒரு ஊது ஊதுனேன், எழையக் காணும். ஃபங்கஸ் பறக்குமா அண்ணாச்சின்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதிலும் இல்ல, நேரா "பில் எங்க"ன்னு ஆரம்பிச்சிட்டாரு.

பில் இருக்கு, ஆனா தெர்மல் பேப்பர், நாளானா எழுத்து அழிஞ்சிரும். பாக்ஸ்ல இருந்து எடுத்து நீட்டுனா வெறும் வெள்ளத்தாள், ஒரு எழுத்து இல்ல. பில் இல்லன்னா திருட்டுப் பொருளான்னு எப்பிடித் தெரியும், 50க்கு மேல தர முடியாதுன்னு சொல்லிட்டாரு. லென்ஸ் இல்லாம பாடிக்கு (கேமராவுக்கு) மட்டும் நான் நெனச்சிட்டுப் போனது 75 ஆயிரம்.

மதுரையில வாங்குன கடைக்கு ஃபோன் போட்டா, வாங்க சார் டூப்ளிகேட் போட்டுத் தாரோம்னாங்க. பஸ்ஸப் பிடிச்சு வேகாத வெயில்ல போய் நின்னா, கவுண்டர்ல இருந்த புள்ள கம்ப்யூட்டரப் பாத்துட்டு, சிஸ்டம் மாத்திட்டோம், பழைய டேட்டா இல்லங்குது. ஃபோன்ல பேசுனது யாருன்னு கேட்டா அவரு லீவாம். சவம் இத ஃபோன்லயே சொல்லித் தொலைச்சா என்ன. திரும்பி வார வழியில கோவில்பட்டி தாண்டுறப்பதான் ஞாபகம் வந்துச்சு, கேமராவ ஸ்டுடியோ ஜிஎஸ்டி நம்பர்லதான் வாங்குனேன், கட்டுன 18 சதவீத வரிய இன்புட்ல (நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சிக்கிடுறது) எடுக்கணும்னு ஆடிட்டர்ட்ட அப்பவே பில்லக் குடுத்திருக்கேன். மறுநாள் பாளையங்கோட்டை ஆபீஸ்ல போய்க் கேட்டா, ஃபைல்ல சீரியல் நம்பரோட பளிச்சுன்னு ஜெராக்ஸ் காப்பி! ஆடிட்டருக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் குடுத்தேன். நீங்க வாங்குன அன்னைக்கே பில்ல ஜெராக்ஸ் எடுத்துருங்க, ஃபோன்லயும் ஒரு போட்டோ.

அதுக்கப்புறம் பழைய சாமான் விக்கிற ஆப்ல போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்துல ஹிந்தியில ஒருத்தன், மிலிட்டரில இருக்கானாம், வெலையே கேக்காம ஓகேங்கான், க்யூஆர் அனுப்புதேன் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க பணம் வந்துரும்ங்கான். பணம் வர்றதுக்கு பின் எதுக்கு, நம்ம காசு போறதுக்குத்தான் பின். ப்ளாக் பண்ணிட்டேன்.

கடைசியில தென்காசியில இருந்து ஒரு தம்பி நேர்ல வந்தான், வெவரமான பய. மொத கேள்வியே ஷட்டர் கவுண்ட் எவ்ளோ அண்ணே, அதாவது இதுவரைக்கும் எத்தன தடவ ஷட்டர் அடிச்சிருக்குன்னு. அது இந்த சோனியில மெனுவுல காட்டாது, அப்பதான் எடுத்த ஒரு ஜேபெக் போட்டோவ அதுக்குன்னு இருக்குற சைட்ல ஏத்திப் பாக்கணும், அவன் முன்னாலயே ஏத்திக் காட்டுனேன். பாடியும் டாம்ரானும் சேத்து 90க்கு முடிஞ்சது. ஒரு தாள்ல ரெண்டு சீரியல் நம்பரையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிட்டோம். நாளப்பின்ன ஒரு பிரச்சனைன்னா அந்தத் தாள்தான் பேசும்.

மாறணும்னு இருக்கவங்க பாடி, லென்ஸ் வெலைய மட்டும் கணக்குப் போடாதீங்க, சில்லறைதான் கையக் கடிக்கும். இசட் 6 த்ரீல மெமரி கார்டு போடுற ஒரு ஸ்லாட் எஸ்டி, இன்னொண்ணு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பிங்குற வேற வகைக் கார்டு. கல்யாண வேலைக்கு ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல படம் இருக்கணும்னு ரெண்டு கார்டுலயும் எழுதியே ஆகணும், அதனால புதுக் கார்டு, அதுக்குத் தனி ரீடர், ரெண்டு எக்ஸ்ட்ரா பேட்டரி. லாபம் ஒண்ணு உண்டு. கோடாக்ஸ் ஃப்ளாஷ் எல்லாத்தையும் மாத்தணும்னு பயந்துட்டு இருந்தேன், தள்ளி ஸ்டாண்டுல வைக்கிற ஃப்ளாஷுக்கு சோனி, நிக்கான் பாகுபாடே கெடையாது, அந்த ஃப்ளாஷ அடிக்க வைக்க கேமரா மேல மாட்டுற ட்ரிக்கர மட்டும் நிக்கானுக்குள்ளதா வாங்குனாப் போதும்.

மச்சான் ஸ்டுடியோவுல பழைய நிக்கான் 50 1.8டி லென்ஸ் ஒண்ணு கெடந்துச்சு, பழைய லென்ஸ இசட் கேமராவுல மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு ஓட்டிரலாம்னான். மாட்டலாம், ஆனா ஆட்டோஃபோகஸ் வராது, அந்த லென்ஸ்லயும் மோட்டார் இல்ல, அடாப்டர்லயும் இல்ல. தாலி கட்டுற நேரத்துல கையால திருகிட்டு நிக்க முடியுமா.

ஆல்பம் போடுற அண்ணாச்சிக்கு என்இஎஃப் (நிக்கானோட ரா) ஃபைலக் குடுத்தா, அவரு வச்சிருக்குற பழைய போட்டோஷாப்புல தெறக்கல. அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர் ஃப்ரீதான், அதுல பொதுவான டிஎன்ஜி ஃபைலா மாத்திக் குடுத்ததும் ஓடிருச்சு. எல்லாத்தையும் விட எரிச்சல் லென்ஸ் மாத்துறப்பதான். நிக்கான்ல மத்த கம்பெனிக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பணும், அவசரத்துல கை பழைய பக்கமே போகுது.

சோனி 85 லென்ஸ் மட்டும் இன்னும் கைவசம் இருக்கு. சோனி மவுண்ட்ல லென்ஸுக்கும் சென்சாருக்கும் 18 மில்லிமீட்டர், நிக்கான்ல 16, அந்த ரெண்டு மில்லிமீட்டர்ல ஒரு அடாப்டரச் சொருகி சோனி லென்ஸ நிக்கான்ல போட்டுறலாம், ஆட்டோஃபோகஸும் உண்டு (நிக்கான் இசட் லென்ஸ சோனியில போடணும்னா எடமே இல்ல, நடக்காது). வெளிச்சத்துல ஜோரா இருக்கு, மண்டபத்துல மஞ்ச லைட்டு மட்டும் எரியிறப்ப முன்னயும் பின்னயும் தேடுது. அதனால அதையும் தள்ளிவிடப் போறேன், வெல பேசிட்டு இருக்கோம், பில் ஜெராக்ஸ் இந்தத் தடவ ரெடி.