கிராக்கோவில் ஒரு டிரம்பெட், வார்சா ரயிலில் இன்னொன்று

போலந்துக்கு நான் போனது அந்நாட்டு ஜாஸ் டிரம்பெட்காரர் ஒருவருக்காக. தோமாஷ் ஸ்டாஞ்கோ 2018 ஜூலையில் காலமாகிவிட்டார். அவரை மேடையில் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. அவர் இசை படித்த கிராக்கோவையும், கண்மூடிய வார்சாவையும் ஒரு தடவையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவேயில்லை.

கிராக்கோவின் பெரிய சதுக்கத்தில், புனித மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தடவை டிரம்பெட் ஒலிக்கும். வாசிப்பவர்கள் தீயணைப்புத் துறை ஊழியர்கள். நான்கு திசை ஜன்னலிலும் ஒரே மெட்டு, நான்கு தடவையும் பாதியில் சட்டென்று அறுந்துவிடும். தாத்தாரியர் (மங்கோலியப் படையினர்) படையெடுத்து வந்தபோது காவல்காரனின் தொண்டையில் அம்பு தைத்த இடம் அது என்று கதை சொல்கிறார்கள். பகல் 12 மணி வாசிப்பைப் போலிஷ் வானொலி நேரலையாகவே ஒலிபரப்புகிறது. கூட்டத்தோடு நானும் அண்ணாந்து நின்றேன். சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது, பித்தளை வாய் வெயிலில் பளிச்சென்றது. வாசித்து முடித்ததும் ஒரு கை வெளியே நீண்டு அசைந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் துள்ளித் துள்ளித் திருப்பிக் கையசைத்தார்கள். ஒரு டிரம்பெட்காரரைத் தேடி வந்தவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறென்ன வேண்டும்!

சதுக்கத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகளுக்கு அடியில் செங்கல் வளைவு வைத்த நிலவறைகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்று இசைக் கூடங்கள், மதுக்கூடங்கள். ஸ்டாலின் காலத்தில் ஜாஸ் இந்த நாட்டில் ஒளிந்து வாசிக்க வேண்டிய இசையாக இருந்தது. 1956-ல் அரசின் பிடி தளர்ந்தபிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 1942-ல் ஜெஷூஃப் நகரில் பிறந்த ஸ்டாஞ்கோவின் தலைமுறை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியை இரவில் காது வைத்துக் கேட்டு வளர்ந்தது. 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் போலந்துக்கு வந்து வாசித்தபோது கேட்டவர்களில் இந்தப் பையனும் ஒருவன். 21 வயதில் ஸ்டாஞ்கோவைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர் பியானோ கலைஞர் கிஷிஷ்தோஃப் கொமேதா. கொமேதா படிப்பால் மருத்துவர், ஸ்டாஞ்கோவைவிட 11 வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எளிமையை அவரிடம்தான் கற்றேன் என்று ஸ்டாஞ்கோ கடைசிவரை சொல்லிவந்தார்.

கிராக்கோவிலிருந்து வார்சாவுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அந்தப் பயணத்துக்கென்றே ஒரு பாட்டை எடுத்து வைத்திருந்தேன். பெயர் ‘கத்தோர்னா’. ஒரு ஸ்காண்டிநேவியப் படத்துக்காகக் கொமேதா அமைத்த மெட்டு. 1965 டிசம்பரில் ‘அஸ்டிக்மாட்டிக்’ தொகுப்புக்காக அதைப் பதிவு செய்தபோது ஸ்டாஞ்கோவுக்கு 23 வயது. 2005 நவம்பரில் அதே மெட்டை ‘லொன்டானோ’ தொகுப்புக்காக மறுபடி வாசித்தபோது 63. இரண்டுக்கும் நடுவில் 40 வருஷம். முதல் பதிவில் அவர்தான் இளைஞர். இரண்டாவதில் அவர்தான் பெரியவர், கூட வாசிப்பவர்கள் அவருடைய பிள்ளைகளின் வயதுக்காரர்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலாவதில் டிரம்பெட் கத்தி மாதிரி பாய்கிறது, அவசரம் தெரிகிறது. பின்னதில் அதே ஆள் ஒரு சுரத்தை ஊதிவிட்டுக் காத்திருக்கிறார். சுரத்தோடு மூச்சுக்காற்றின் கரகரப்பும் சேர்ந்தே வருகிறது. அந்த இடைவெளியில் பியானோ நுழைகிறது. பெரியவர் மறுபடி ஊதும்போது அவரே பியானோ போட்ட பாதையில் நடப்பதுபோல் இருக்கிறது. இப்படி வழிவிடத் தெரிந்த மூத்த கலைஞர்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

‘லொன்டானோ’வில் அவரோடு வாசித்த இளைஞர்களின் கதை தனியாக எழுத வேண்டியது. பியானோ மார்ச்சின் வாசிலெவ்ஸ்கி, டபுள் பேஸ் ஸ்வாவோமிர் குர்கியெவிச், டிரம்ஸ் மிஹாவ் மிஷ்கியெவிச். முதல் இருவரும் 1975-ல் பிறந்தவர்கள், கொஷாலின் நகர இசைப் பள்ளித் தோழர்கள். மிஹாவ் அவர்களுக்கும் இளையவர். 1990-களின் முன்பாதியில், இருபது வயதுகூட நிரம்பாத இவர்களை ஸ்டாஞ்கோ தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1995-ல் இந்த மூவரும் தனியாக வெளியிட்ட முதல் தொகுப்பு முழுக்கக் கொமேதாவின் பாடல்கள். அப்போது கொமேதா இறந்து 26 வருஷம் ஆகியிருந்தது. ஆக, யாரும் யாரையும் வற்புறுத்திச் சேர்க்கவில்லை. ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்தவர்கள்.

அந்தப் பத்தாண்டில்தான் ஸ்டாஞ்கோவின் பற்கள் போயின. டிரம்பெட்காரருக்குப் பல் என்பது கைவிரல் மாதிரி. உதட்டுக்குப் பின்னால் பல் தாங்கினால்தான் ஊதுவாயை அழுத்தி வாசிக்க முடியும். செயற்கைப் பல் வைத்துக்கொண்டு, நீண்ட ஒற்றைச் சுரங்களை மணிக்கணக்காக ஊதி ஊதி, உதட்டை முதலிலிருந்து பழக்கினார். ஐம்பது வயது தாண்டி! அதற்கப்புறம்தான் இந்த இளைஞர்களோடு ‘சோல் ஆஃப் திங்ஸ்’, ‘சஸ்பெண்டட் நைட்’, ‘லொன்டானோ’ மூன்றும் வந்தன. அவர்களைப் பக்கவாத்தியமாக ஒதுக்கி வைக்காமல், குரலுக்குக் குரலாக நிற்கவிட்டது அந்தத் தொகுப்புகளின் பெரிய பலம். அந்தத் தொகுப்புகளை வெளியிட்ட இ.சி.எம். இசை நிறுவனம், 2005-ல் மூவருக்கும் தனித் தொகுப்பே கொண்டுவந்தது.

பிறகும் அவர் ஓயவில்லை. வடஐரோப்பிய இளைஞர்களோடு ஒரு குழு, நியூயார்க்கில் இன்னொரு குழு என்று சேர்த்துக்கொண்டே போனார்.

வார்சாவில் இறங்கியதும் அறையில் பையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போவொன்ஸ்கி ராணுவக் கல்லறைக்குப் போனேன். கொமேதாவும் ஸ்டாஞ்கோவும் இருப்பது அதே கல்லறைத் தோட்டத்தில்தான். பெரிய இடம், வழி கேட்டுக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். இரண்டு கல்லறையிலும் பூ வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டாஞ்கோவைப் புதிதாகக் கேட்கிறவர்கள் ‘சஸ்பெண்டட் நைட்’ தொகுப்பின் முதல் பாடலான ‘சாங் ஃபார் சாரா’வில் தொடங்குங்கள். பிறகு இரண்டு கத்தோர்னாவையும் நான் கேட்ட வரிசையில் கேளுங்கள். இன்னொரு தகவல்: 1980-ல் ஸ்டாஞ்கோ இந்தியா வந்து, தாஜ்மஹாலிலும் மகாராஷ்டிரத்தின் கார்லா குகையிலும் தன்னந்தனியாக டிரம்பெட் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். புனே பக்கம் போகும்போது லோனாவாலாவில் இறங்கி, கார்லாவின் பௌத்த வழிபாட்டுக் கூடத்துக்குள் நின்று அதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.