நாய்க்கடிக்கு நாகர்கோவில் எதுக்கு?

ஆடி மாசம், திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின மகள் கணுக்காலைப் பிடிச்சுட்டு அழுதுகிட்டே திரும்பி வந்தா. தெருமுக்கில் குட்டி போட்டிருந்த நாய். ரெண்டு பல் பதிஞ்சு ரத்தம் கசியுது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பைக்கில் தூக்கி வச்சு வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம்னு நெரிசலில் முட்டி மோதி, நாகர்கோவிலில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் போய் நின்னேன். டோக்கன், ஃபைல், பணம் கட்டுற இடம்னு ஒரு மணி நேரம். கடைசியில, "ஊசி ஸ்டாக் இல்ல சார், வெளியே வாங்கிட்டு வாங்க."

அப்பதான் அம்மை ஃபோன்ல கத்தினா: "மக்களே, நம்ம சுகாதார நிலையத்துல போடுவாவளே, அதைத் தாண்டியா போன?"

தாண்டித்தான் போயிருந்தேன். வந்த வழியே திரும்பினேன். அங்க சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "சோப்பு போட்டுக் கழுவினீங்களா?" இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவ வச்சாங்க. வீட்டுக் கிணத்தடியில் நான் செஞ்சிருக்க வேண்டியது அது. அப்புறம் கையில் தோலுக்குள்ளேயே போடுற ஊசி. ரத்தம் வந்த கடிங்கிறதால காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின்ங்கிற இன்னொரு ஊசியும் வேணும்னு நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.

ஆக, அன்னைக்கு நாகர்கோவில் ரெண்டு தடவை. சிரிக்காதீங்க. ஆனா ரெண்டாவது தடவை எங்க போகணும், எதைக் கேட்கணும்னு தெரிஞ்சு போனேன். அம்மைக்கு அந்த மருத்துவக் கல்லூரி இன்னும் பழைய டி.பி. ஆஸ்பத்திரிதான். மீதி ஊசி, 3, 7, 28-ம் நாள், எல்லாம் ஊர்லயே. பைசா செலவில்லை.

அம்மையும் லேசுப்பட்டவ இல்ல. சுளுக்குன்னா அவளுக்கு வர்ம வைத்தியம் பாக்கிற ஆசான்தான், டாக்டர் கிடையாது. போன மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தப்போ, மணிக்கட்டு புஸ்ஸுனு வீங்கினதோட ஆசான்கிட்ட கூட்டிப் போகச் சொன்னா. அவர் ஒரு விரலால தொட்டுப் பார்த்துட்டு, "முதல்ல படம் எடுத்துட்டு வாங்க. எலும்புன்னா நான் கட்ட மாட்டேன்"னு சொல்லிட்டார். தக்கலை அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தா முறிவு. மாவுக்கட்டு. கட்டுப் பிரிச்சப்புறம் விரல் மடங்கலைன்னு ஆசான்கிட்ட தைலம் தடவிக்கிட்டா, ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியும் செஞ்சா. எதுல சரியாச்சுங்கிற சண்டை வீட்டில் இன்னும் முடியலை. என் ஓட்டு பயிற்சிக்கு. ஆனா 'நான் கட்ட மாட்டேன்'னு சொன்ன அந்த ஆசானுக்கு ஒரு கும்பிடு.

அம்மையோட பிரஷர், சுகர் மாத்திரை, 2021-ல வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்திடுது. அதுக்கும் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கிற ஆளுங்க எங்க தெருவில் இருக்காங்க. இதயத்துக்கு அங்க இருக்கிற ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரின்னா சரி, இங்கயே கடிதம் வாங்கிட்டுப் போகலாம். சளிக்கு எதுக்குங்க?

28-ம் நாள் மகளை நடத்தியே கூட்டிட்டுப் போனேன். தெருமுக்கில் அந்த நாய் குட்டிகளோட படுத்திருந்துச்சு. அவ என் வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் மாறிக்கிட்டா.