முன்பக்கச் சாமான் மாற்றினால் அலைன்மென்ட்டும் செய்யுங்கள்

ஏ-9 பெருவீதியை விட்டிறங்கி உள்வீதிக் கிரவலில் ஓடும் காருக்கு ரை ரொட் என்ட் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சில்லுக்குக் கொடுக்கும் கம்பியின் முனை), லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கும் கீழ்க் கையின் றப்பர்) எல்லாம் சீக்கிரம் ஆட்டம் காணும். மாற்றிய கையோடு அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்துவது) பார்க்காவிட்டால் புது ரயர் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே தேய்ந்துவிடும்.

ரை ரொட் என்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறதென்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்குப் பூட்டுங்கள். அது அலைன்மென்ட் ஆகாது. வவுனியாவில் அலைன்மென்ட் மெஷினுக்குப் போய்ச் சேர மட்டுந்தான்.

கார் ஜக்கில் தொங்கும்போது புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கவே கூடாது. சில்லு நிலத்தில் நின்று பாரம் ஏறியபிறகு இறுக்குங்கள். இல்லையேல் றப்பர் முறுகியபடியே பிடிபட்டுக் கிழியும். நல்ல புஷ்களும் இதனால் வீணாகும்.

மெஷினில் ஏற்றுமுன் நான்கு ரயருக்கும் காற்றுப் பாருங்கள். முதலில் பின்சில்லு, பிறகு காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சில்லின் மேற்பக்கம் உள்ளே வெளியே சாய்வது), கடைசியில் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி டோ (சில்லுகளின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது). பல சிறிய கார்களில் கேம்பரைத் திருத்த வழியில்லை; அளவு பிழைத்தால் லோவர் ஆம் வளைந்திருக்கிறதா என்று தேடவேண்டும். ரை ரொட்டின் லொக் நட் இறுக்கியபின் டோவை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள், இறுக்கும்போது நகரும்.

கார் ஓடத் தொடங்கியபிறகு, உள்ளங்கையால் ரயரைக் குறுக்காகத் தடவுங்கள் (தேய்ந்து ரயரின் உட்கம்பி தெரிந்தால் வேண்டாம்). ஒரு பக்கம் வழுக்கி, திரும்பி வரும்போது வாள்பல்லாகப் பிடித்தால் டோ பிழை.