சும்மா ஐகான்

"தம்பி, முள்ளு வடகெழக்கக் காட்டுது. அப்ப மேப்பு திரும்பியிருக்கா?"

"இல்லண்ணே, அது சும்மா ஐகான்."

பேச்சு அவ்வளவுதான். கேட்டது எங்கள் ஆப்பின் மேப் திரையில் இருக்கும் திசைகாட்டி ஐகானைப் பற்றி. பதில் சொன்னது அதை வரைந்த நான். அந்த அண்ணன் மறுபடி எதுவும் கேட்கவில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வடக்கைப் பார்த்து நின்றபடி கையிலிருந்த போனை இடப்பக்கமாக மெல்லத் திருப்பினார். ஐகானின் சிவப்பு முனை தனக்கு நேர் எதிரே வந்ததும் நிறுத்தினார். காகித வரைபடத்தைத் தரையோடு ஒத்து வைத்துப் பழகிய கை அது. தாளில் வடக்கு அம்பு காட்டும் பக்கத்தை நிஜ வடக்குக்குத் திருப்பி வைத்துவிட்டால், தாளில் இருக்கும் ஓடையும் தரையில் இருக்கும் ஓடையும் ஒரே பக்கம் வந்துவிடும். ஆனால் போனில் மேப் ஏற்கெனவே வடக்கு மேலே இருக்கும்படிதான் நின்றது. அவர் திருப்பிய 45 டிகிரியில் அது தரையை விட்டு விலகியது. மேப்பில் வடகிழக்கில் இருந்த ஓடையை அவர் நேர் வடக்கில் தேடியிருப்பார்.

அந்தச் "சும்மா" இன்னும் உறுத்துகிறது.

முள்ளைச் சாய்த்து வரைவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கூகுளின் மெட்டீரியல் ஐகான் தொகுப்பில் 'எக்ஸ்ப்ளோர்' என்ற பெயரில் ஒரு திசைகாட்டி இருக்கிறது. 24-க்கு 24 கட்டத்தில் 10 ஆரமுள்ள நிரப்பிய வட்டம். அதில் முள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். இடப்பக்க மேல் மூலையிலிருந்து அளந்தால் முள்ளின் நான்கு மூலைகள் (18, 6), (14.19, 14.19), (6, 18), (9.81, 9.81). கணக்குப் போட்டால் நீளம் 17-க்கு ஒரு நூல் குறைவு, அகலம் 6.2. ஃபெதர் என்ற இன்னொரு ஐகான் தொகுப்பில் உள்ளது கோட்டு வடிவம். அங்கே முள் சரியாக 12 நீளம், 6 அகலம். இரண்டிலும் முள் வடகிழக்காகச் சாய்ந்திருக்கிறது. சஃபாரி பிரவுசரின் ஐகானிலும் சிவப்பு முனை வலப்பக்க மேல் மூலையைத்தான் பார்க்கிறது. இத்தனை பேர் சேர்ந்து ஒரு வழக்கத்தை வைத்திருக்கும்போது அதைப் பின்பற்றியது தவறு என்று எப்படிச் சொல்வது?

வழக்கத்துக்குக் காரணமும் உண்டு. வட்டத்துக்குள் முள்ளை நேராக நிறுத்திவிட்டு 24 பிக்சலில் பார்த்தால் ஆறு மணி காட்டும் கடிகாரம்போல இருக்கும். தெற்குப் பாதி வெளிறியிருந்தால் லிஃப்டின் மேல் பொத்தான்போல இருக்கும். சாய்த்த நொடியில்தான் அது முள்ளாகிறது, ஆடி அடங்கி நின்ற முள். நேர் முள்ளின் நுனியும் சின்ன அளவில் கரைந்துபோகும். 14 நீளம், 5 அகலத்தில், நுனி (12, 5)-இல் இருக்கும்படி வரைந்தால் அந்த நுனி இரண்டு பிக்சல் நெடுவரிசைகளுக்கு நடுக்கோட்டில் விழுகிறது. மேலிருந்து முதல் பிக்சலில் இருபுறமும் 18 சதவீத நிறம்தான் படியும். கண்ணுக்கு அது வெறும் தூசி. அடுத்ததில் 54 சதவீதம். ஆக வரைந்த முள்ளைவிடத் தெரிகிற முள் ஒரு பிக்சல் குட்டை.

இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் எக்ஸ்ப்ளோரும் சஃபாரியும் பெயர்ப்பலகைகள். 'சுற்றிப் பார்', 'உலாவு' என்கிறதோடு அவற்றின் வேலை முடிந்தது. அந்த முள் எங்கே பார்த்தாலும் யாருக்கும் வழி தவறாது. மேப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் முள்ளின் வேலை வேறு. கூகுள் மேப்ஸில் இரண்டு விரலால் படத்தைத் திருப்பினால் அந்தக் குட்டி முள்ளும் கூடவே திரும்பி வடக்கைக் காட்டும். அதைத் தொட்டால் படம் வடக்கு மேலே வந்து நிற்கும். அந்த இடத்தில் முள் ஓர் அளவீடு. வடகிழக்காகச் சாய்ந்த முள் அங்கே சொல்கிற செய்தி ஒன்றே ஒன்று: படம் வலப்பக்கமாக 45 டிகிரி திரும்பியிருக்கிறது. அண்ணன் அதைத்தான் படித்தார், சரியாகப் படித்தார், சரியான கேள்வியையும் கேட்டார்.

அந்தக் கேள்வி அதற்கு முன்பே வேறு வாயிலிருந்து ஒரு முறை வந்திருக்கிறது. ஆப்புக்கு நிரல் எழுதுகிற தோழி கேட்டார்: "ஐகான்ல எத்தனை டிகிரி கலந்திருக்கு?" 45 என்று சொன்னதும் அவர் நிரலில் 45-ஐக் கழித்து எழுதிக்கொண்டார். படம் வலப்பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறதோ முள்ளும் அத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பது எளிய கணக்கு. சாய்வை ஐகானுக்குள்ளேயே பூசிவிட்டால் அந்தக் கணக்குக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அந்தத் திருத்தம் ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் விட்டுப்போகும். அண்ணன் பார்த்த திரை அப்படி விட்டுப்போன இடம். கழிக்க மறந்தது நிரலின் பிழை என்று அன்று நினைக்க வசதியாக இருந்தது. கழிக்க வேண்டிய ஒன்றை ஃபைலில் வைத்துக் கொடுத்ததுதானே முதல் பிழை?

அதனால் முள்ளைப் பூஜ்ய டிகிரியில், நேராக வரைய வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஆவணத்தை 24-க்கு 24 பிக்சலாக வைத்து, கிரிட்டை அரைப் பிக்சலுக்கு அமைத்துக்கொண்டால் போதும். வட்டத்தின் மையம் (12, 12), ஆரம் 9, கோட்டின் தடிமன் 2; கோடு இருபுறமும் ஒவ்வொரு பிக்சல் பரவுவதால் வெளி ஆரம் 10 ஆகிவிடும். இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். செலக்டரின் மேல்பட்டையில் அகலம் 20 என்று காட்டும், ஆனால் வட்டத்தின் ஆரம் 9 என்று இருக்கும். கோட்டின் தடிமனையும் சேர்த்து அளக்கிற பெட்டி, சேர்க்காமல் அளக்கிற பெட்டி என்று இரண்டு முறை உண்டு. எது நடப்பில் இருக்கிறது என்று பிரிஃபரன்சஸில் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அளவு மாற்றும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து மாறட்டும் என்கிற பொத்தானும் அப்படித்தான். அது அணைந்திருக்கையில் 24-ஐ 48 ஆக்கினால் வட்டம் பெரிதாகும், கோடு 2-லேயே நிற்கும், ஐகான் ஒட்டிய கன்னத்தோடு வெளியே வரும்.

முள்ளுக்கு ஃபில் (உள்நிறம்) மட்டும் கொடுக்க வேண்டும், ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கூடாது. 14-க்கு 5 முள்ளின் நுனிக் கோணம் ஏறத்தாழ 39 டிகிரி. அதற்கு 2 பிக்சல் ஸ்ட்ரோக் கொடுத்தால் கூர்முனை மூட்டு நுனியைத் தாண்டி ஏறக்குறைய 3 பிக்சல் நீளும். (12, 5)-இல் நிற்க வேண்டிய முனை 2-ஆவது கோட்டைத் தொட்டு, 4-இல் தொடங்கும் வளையத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். சரி, மெலிதாக்கிப் பார்ப்போம் என்று அகலத்தை 3 ஆக்கினால் இன்னொன்று நடக்கும். ஐகானைச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. ஃபைல் வடிவத்தில் கூர்முனைக்கு, கோட்டின் தடிமனில் 4 மடங்கு என்று ஓர் எல்லை இயல்பாகவே இருக்கிறது. கோணம் சுமார் 29 டிகிரிக்குக் கீழே போனதும் அது முனையை வெட்டி மொட்டையாக்கிவிடும். ஒரே ஃபைலில் அகலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கையில் முனை திடீரென்று மழுங்குவது இதனால்தான். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பைப் பற்றி இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். சிவப்பு முக்கோணம், சாம்பல் முக்கோணம், இரண்டும் 12-ஆவது கோட்டில் ஒட்டி நிற்கின்றன. நேர் முள்ளில் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அந்தக் கோடு பிக்சலின் எல்லையிலேயே விழுகிறது. முள் சுழலத் தொடங்கியதும் நடுவில் முடிபோல ஒரு வெளிச்சக் கீற்று தோன்றும். ஒவ்வொரு பாதியும் தன் ஓரப் பிக்சலைத் தனித்தனியாக அரைகுறையாக நிரப்புவதால் இரண்டுக்கும் இடையில் பின்னணி கசிகிறது. வரையும் திரையில் இது கண்ணில் படாது, சுழலும்போதுதான் வெளிவரும். தெற்குப் பாதியை அரைப் பிக்சல் மேலே நீட்டி, சிவப்பின் அடியில் செருகிவிட்டால் கீற்று மறைந்துவிடும்.

சுழற்சி மையமும் இதே ரகம். வடக்குப் பாதியைக் கொஞ்சம் நீட்டி வரைந்தால் அழகாகத்தான் இருக்கும்: மேலே 8, கீழே 6. ஆனால் முள்ளைச் சுற்றிய பெட்டியின் நடு 11-க்குப் போய்விடும். இங்க்ஸ்கேப்பில் முள்ளை இரண்டாம் முறை கிளிக் செய்தால் வரும் சிலுவைக் குறியை 12-க்கு நகர்த்தி வைக்கலாம். ஆனால் அந்தக் குறி இங்க்ஸ்கேப்புக்கு மட்டும் புரிந்த சங்கதி, ஆப்புக்குள் கூட வராது. ஏற்றுமதியில் 'பேஜ்' என்பதற்குப் பதிலாக 'டிராயிங்' என்று தேர்ந்தெடுத்தால் சுற்றியுள்ள வெற்றிடமும் வெட்டப்பட்டு, முள் அச்சு கழன்ற சக்கரம்போலத் தள்ளாடும். 24-க்கு 24 பக்கத்தை அப்படியே ஏற்றுமதி செய்வது, முள்ளை இரு பாதியும் சமமாக வரைவது, இரண்டும் செய்தால் கவலை விட்டது.

நிறத்தில் நடந்தது வேறு கதை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளவு சொன்னால் சிவப்புப் பாதிக்கு 211, 47, 47. சாம்பலுக்கு 117, 117, 117. வெள்ளைப் பின்னணியில் முதலாவதன் ஒளி வேறுபாட்டு (கான்ட்ராஸ்ட்) விகிதம் ஏறத்தாழ 5, இரண்டாவதுக்கு 4.6. 2018-இல் வந்த, இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 விதி படக்குறிகளுக்குக் கேட்பது 3 மட்டுமே. இரண்டும் தேறிவிட்டன என்று நிம்மதியாக இருந்த ஃபைல் அது. பயிற்சிக் கையேட்டைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தபோது முள்ளின் இரு பாதியும் ஒரே சாம்பலாக வந்தன. இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் வெறும் 1.1. ஒவ்வொன்றையும் வெள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை. வடக்கு எது தெற்கு எது என்று சொல்லாத திசைகாட்டி கையேட்டின் முதல் பக்கத்திலேயே நின்றது. இப்போதைய வரைவில் தெற்குப் பாதிக்கு நடுவே ஓட்டை. (10.92, 13), (13.08, 13), (12, 16) என்ற சிறு முக்கோணத்தை, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் டிஃபரன்ஸ் கட்டளை கொடுத்து வெட்டியதால் சுற்றிலும் ஒரு பிக்சல் சுவர் நிற்கிறது. 24 பிக்சலில் அது ஒரு வெளிச்சப் புள்ளி அளவுக்குத்தான் தெரிகிறது, ஆனாலும் நிறமே இல்லாத அச்சில்கூட வடக்கு நிரம்பியும் தெற்கு காலியாகவும் தெரிகிறது.

வடக்குக்கு 'வ' என்று எழுதிவிட்டால் இத்தனை பாடு ஏன் என்றும் ஒரு யோசனை வந்தது. நியாயமான யோசனை. ஆனால் வளையத்துக்கு உள்ளே இருப்பது 16 பிக்சல், அதில் 14-ஐ முள் எடுத்துக்கொள்கிறது. முள்ளைக் குறுக்கி எழுத்துக்கு 5 பிக்சல் உயரம் ஒதுக்கினால் 'வ'வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். 48-க்கு மேலே போனால் அழகாக நிற்கிறது, அங்கே வைத்திருக்கிறோம். எழுத்தை எழுத்தாகவே விட்டுவிடாமல் கன்ட்ரோல், ஷிப்ட், சி அழுத்தி 'பாத்' ஆக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறு முகத்தோடு திறக்கும். இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 'காம்பஸ்' என்று கேட்டால் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஃபைலுக்குத் திசைகாட்டி என்றே பெயர் வைத்துவிடுவது நல்லது.

இவ்வளவும் தெரிந்த கை, அன்று "சும்மா ஐகான்" என்று சொன்னது எப்படி? 54 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் மெனக்கெடுகிற ஒருவர், முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் அலங்காரம் என்று எப்படி நினைக்க முடிந்தது? கேட்டவர் டிசைன் தெரிந்தவராக இருந்திருந்தால் மெட்டீரியல், ஃபெதர் என்று பெயர் சொல்லி வாதாடியிருக்கலாம். அவரிடம் அந்த வாதம் எடுபடாது என்று தெரிந்துதான் "சும்மா" வந்ததோ என்று தோன்றுகிறது. அப்படியில்லை, மரியாதையாகத்தான் சொன்னது என்றும் சில நாள் தோன்றுகிறது.

மேப் திரையில் இப்போது நேர் முள். மெனுவில் பழைய சாய்ந்த முள் அப்படியே இருக்கிறது. அங்கே நேர் முள்ளை வைத்துப் பார்த்தபோது கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் கடிகாரம் என்றார்கள். ஒரே ஆப்பில் ஒரே கருவிக்கு இரண்டு முகம். இதற்கு நடுவே இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: படம் வடக்கு மேலே நிற்கும்போது முள்ளை மறைத்துவிடலாம், திரையில் இடம் மிச்சமாகும் என்று. மற்ற மேப்புகளில் அதுவும் வழக்கம்தான். மறைப்பதற்கான நிரல் தயாராக இருக்கிறது. அந்த அண்ணன் போனைத் திருப்புவதற்கு முன் எதைப் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததால் அது இன்னும் சேர்க்கப்படாமல் நிற்கிறது.